காரைவீட்டின் விறைப்பை எதைக் கொண்டு அளப்பது?

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது வளவில் பாய் விரித்து ஒரு பேச்சு நடந்தது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய எங்கள் பழைய வீட்டுக்கு ஏழு பங்கு. முகப்பையும் மேல்மாடியையும் தங்கும் விடுதி நடத்த ஒருவர் கேட்டிருக்கிறார். வாடகையில் பிணக்கு இல்லை. ஆனால் நிலநடுக்கம் வந்து கட்டடம் அடி வாங்கினால் எவ்வளவு தளர்ந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், அதற்கு ஒரு வழிமுறை எழுத்தில் வேண்டும் என்கிறார். நான் கட்டடப் பொறியாளர் என்பதால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

சித்தப்பா மகன்தான் முதலில் கேட்டான். "அண்ணே, நம்ம பக்கம் எங்கண்ணே நிலநடுக்கம் வருது?"

நியாயமான கேள்வி. கட்டடங்களின் நிலநடுக்கப் பாதுகாப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893. அதன் 2002 பதிப்பில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. நம் சிவகங்கைப் பக்கம் இரண்டிலேயே இருந்தது, அதாவது அந்த வரைபடத்தின் கடைசிப் படியில். ஆனாலும் தமிழ்நாடு முழுக்க அமைதியாக இருந்த மண் இல்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறத்தாழ 6 அளவில் ஒரு நடுக்கம் வந்தது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் ஒன்று வந்து சென்னை வரை உலுக்கியது. இவற்றைவிட எனக்கு எப்போதும் மனசில் நிற்பது மகாராஷ்டிரத்துக் கில்லாரி. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் அங்கே வந்தது 6.2. அந்த இடம் அப்போதைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த மண்டலத்தில் இருந்தது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். மண்சாந்தில் அடுக்கிய கருங்கல் சுவர், மேலே கனத்த மண் கூரை, இதுதான் அங்கே வீடு. நம் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் அதைவிட எவ்வளவோ மேல்தான். ஆனால் கனம் என்று பார்த்தால் நம் வீடும் லேசான வீடு இல்லை.

விறைப்பு என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது விளங்காமல் எந்த முறையையும் ஒப்பிட முடியாது. திண்ணையில் கிடக்கும் பழைய மரபெஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டு தளர்ந்து ஆடும். ஆனாலும் நாலு பேர் உட்காரலாம், ஒடியாது. அதன் வலிமை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, குறைந்தது விறைப்பு. அதாவது தள்ளினால் முன்பைவிட அதிகமாக நகர்கிறது. நிலநடுக்கம் கட்டடத்துக்குச் செய்வதும் இதுதான். சுவரில் நூல் விரிசல் விழுந்தவுடன் வலிமை சட்டென்று போய்விடாது, விறைப்பு உடனே போகும். அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா 1998-ல் வெளியிட்ட 306-ஆம் எண் கையேடு, சேதமடைந்த சுவர்களுக்கு விறைப்பு, வலிமை, நகர்வுத் தாங்குதிறன் என்று மூன்றுக்கும் தனித்தனிப் பெருக்கெண் தருகிறது. "பொருட்படுத்த வேண்டாத சேதம்" என்று அது வகைப்படுத்தும் நிலையிலேயே பல வகைச் சுவர்களுக்கு விறைப்பு 0.8 ஆகிவிடும். வலிமை 1 ஆகவே நிற்கும். ஆக, விறைப்பு என்பது சேதத்தின் முதல் சாட்சி.

விறைப்பு குறைந்தால் கட்டடத்தின் அதிர்வு மெதுவாகும். ஒருமுறை ஆடி முடிக்க எடுக்கும் நேரம் நீளும். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரத்தில் பழைய ஏரிப் படுகை மண் ஏறத்தாழ 2 வினாடிக்கு ஒருமுறை என்ற தாளத்தில் ஆடியது. நடுத்தர உயரக் கட்டடங்கள் விரிசல் விட்டு மெதுவாகி, மண்ணின் தாளத்தை நெருங்கி, அதனாலேயே இன்னும் மோசமாக அடி வாங்கின. நம் வீட்டு நிலைமை வேறு. தரநிலையில் உள்ள எளிய சூத்திரம் ஒன்று இருக்கிறது: 0.09-ஐ உயரத்தால் பெருக்கி, அகலத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். முகப்புக் கட்டு 8 மீட்டர் உயரம், 25 மீட்டர் அகலம். விடை 0.144 வினாடி, அதாவது வினாடிக்கு 7 அதிர்வு. இது தோராயம்தான், ஆனால் ஒன்றைக் காட்டுகிறது. ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தைப் பொறுத்து எவ்வளவு விசை வரும் என்று காட்டும் வளைகோடு ஒன்றும் தரநிலையில் உண்டு. அதில் விசை உச்சத்தில் இருக்கும் தட்டையான பகுதி, கெட்டியான தரைக்கு, 0.1 வினாடியிலிருந்து 0.4 வினாடி வரை. நம் வீடு விரிசல் விட்டு 0.2 வினாடிக்குப் போனாலும் அதே உச்சத்தில்தான் இருக்கும். தளர்ந்ததால் விசை குறையும் என்ற ஆறுதல் நமக்குக் கிடையாது.

சரி, இனி முறைகள்.

கண்ணால் பார்த்து மதிப்பிடுவது முதலாவது. ஐரோப்பிய அளவுகோலான ஈ.எம்.எஸ். 98 சேதத்தை ஐந்து தரமாகப் பிரிக்கிறது. நம் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 13935-லும் ஏறக்குறைய அதே ஐந்து படிகள். விரிசலின் அகலம், போகும் திசை, சுவர் வெளியே சாய்ந்திருக்கிறதா, மூலைகள் பிரிந்திருக்கின்றனவா என்று பார்த்துத் தரம் போடுவது. ஒரு நாளில் முடியும். கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். நல்ல கொத்தனார் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டால் போதும். எந்த விரிசல் தாத்தா காலத்தது, எது ஓடு மாற்றியபோது வந்தது என்று அவர் விரல் வைத்துச் சொல்லிவிடுவார். நிலநடுக்கம் முடிந்த அன்றே உள்ளே நுழையலாமா, கூடாதா என்று முடிவெடுக்க இதைவிட வேகமான வழி கிடையாது.

ஆனால் விறைப்பு எத்தனை சதவீதம் போனது என்று கேட்டால் கண் திணறும். கையேட்டைப் பார்த்து ஒரு பெருக்கெண்ணை எடுத்துப் போடலாம். அந்த எண்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சுவர்களை மனதில் வைத்து வந்தவை. சுண்ணாம்புக் காரைக்கு அப்படியே பொருந்தும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். நம் வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து, கண்ணாடி மாதிரி தேய்த்த பூச்சு இது. பூச்சில் தெரியும் விரிசல் உள்ளே செங்கல்வரை போகிறதா, தோலோடு நிற்கிறதா என்று பார்வையில் தெரியாது. மறுபக்கம், உள்ளே கட்டு விட்டுப்போயிருந்தும் பூச்சு அப்படியே பளபளக்கலாம்.

இரண்டாவது, கட்டடத்தின் அதிர்வை அளப்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப்போகிறேன். சந்தையில் மண்பானை வாங்கும் ஆச்சிமார்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் நல்ல பானை, மொத்தென்றால் எங்கோ கீறல். இங்கே வீடுதான் பானை. சுண்டக்கூட வேண்டியதில்லை. காற்றும், தெருவில் போகும் வண்டியும், தொலைவில் ஓடும் லாரியும் எந்நேரமும் கட்டடத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கின்றன. நம் உடம்புக்குத் தெரியாத அந்த நடுக்கத்தை நுண்ணிய அதிர்வுமானி பதிந்துகொள்ளும். மாடித் தளத்தில் நாலு இடத்தில் வைத்து, அரை மணி நேரம் பதிந்து, கணினியில் அலசினால் வீடு எந்த அதிர்வெண்ணில் ஆட விரும்புகிறது என்று ஒரு கூர்முனையாகத் தெரியும்.

அதிர்வெண்ணின் வர்க்கத்தை ஒட்டியே விறைப்பு போகும், எடை மாறாதவரை. முன்பு 7 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 7 அதிர்வு), பிறகு 6.3 என்றால் அதிர்வெண் 10 சதவீதம் குறைந்தது, விறைப்பு 19 சதவீதம் குறைந்தது. 5 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் விறைப்பில் பாதி போயிற்று. கணக்கு அவ்வளவுதான். சுவரில் ஒரு துளை போட வேண்டாம், பூச்சில் ஒரு கீறல் விழாது. முகப்பு முழுவதற்கும் ஒரே நாளில் ஒரு எண் கிடைக்கும்.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் தயங்க வேண்டும்? தயங்க நாலைந்து காரணம் உண்டு.

கலிபோர்னியாவில் கால்டெக் பல்கலைக்கழகத்தில், முன்பு மில்லிகன் நூலகம் என்று அழைக்கப்பட்ட ஒன்பது மாடிக் கான்கிரீட் கட்டடம் 1960-களின் பிற்பகுதியிலிருந்தே அளக்கப்பட்டு வருகிறது. கட்டியதிலிருந்து அதன் கிழக்கு மேற்கு அதிர்வெண் 22 சதவீதம் குறைந்திருந்தது. வர்க்கம் போட்டுப் பாருங்கள், விறைப்பில் ஏறத்தாழ 39 சதவீதம். 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கம் உட்படப் பல குலுக்கல்களை அது வாங்கியிருக்கிறது. ஆனாலும் இடிக்கவில்லை, ஆட்கள் புழங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். இன்னொன்று, கனமழை பெய்தால் அதன் அதிர்வெண் 3 சதவீதம் வரை ஏறியது. பலமாக ஆடும்போது அதிர்வெண் சட்டென்று இறங்கி, அப்புறம் கொஞ்சம் மீண்டு வந்தது. கான்கிரீட் கட்டடத்துக்கே இப்படி என்றால், ஐப்பசி மழையில் நீர் குடித்து ஊறி, சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் நம் சுண்ணாம்புச் சுவருக்கும், மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளத்துக்கும் பருவத்தோடு அதிர்வெண் அசையத்தான் செய்யும்.

சின்ன நடுக்கத்தில் அளப்பதிலும் ஒரு குறை இருக்கிறது. விரிசலின் இரு உதடுகளும் மேலே உள்ள கனத்தால் அமுங்கி ஒட்டியே இருக்கும். லேசாக அதிரும்போது முழுச்சுவர் போலவே நடந்துகொள்ளும். பெரிய ஆட்டத்தில்தான் வாய் திறக்கும். அதனால் இந்த முறை சேதத்தைக் குறைத்தே காட்டும் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே அடி என்று சொல்வதிலும் இது பலவீனம். ஒரே திசையில் ஒரே மாதிரி 12 சுவர்கள் விறைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்று மட்டும் பாதி விறைப்பை இழந்தால் மொத்தத்தில் 4 சதவீதம் குறையும், அதிர்வெண்ணில் 2 சதவீதம். மழைக்கும் வெயிலுக்கும் நடுவே ஏற்படும் வித்தியாசத்துக்குள்ளேயே அது ஒளிந்துகொள்ளும். அந்த ஒரு சுவர் படிக்கட்டை ஒட்டிய சுவராக இருந்தால் ஆபத்து என்னவோ முழு ஆபத்துதான்.

நம் வீட்டுக்கே உரிய குறை ஒன்றும் உண்டு. மாடி போட்ட முகப்புக் கட்டில் தளம் சுவர்களை ஓரளவு சேர்த்துப் பிடித்திருக்கிறது, அதனால் கட்டடம் ஒன்றாக ஆடும், ஒரு அதிர்வெண் என்று சொல்ல முடியும். வளவுக்கு வந்தால் நடுவே முற்றம் வெறுமையாக இருக்கிறது, சுற்றிலும் தேக்குத் தூண், மேலே நாட்டு ஓடு. சுவர்களைக் கட்டிப்பிடிக்க எதுவும் கிடையாது. ஒவ்வொரு சுவரும் தன் போக்கில் ஆடும். இரண்டாங்கட்டும் அப்படியே. அங்கே "வீட்டின் அதிர்வெண்" என்று ஒரு எண்ணைக் கொடுத்தால் அது யாருடைய எண் என்று எனக்கே தெரியாது.

கைபேசியிலேயே அதிர்வுமானி இருக்கிறதே என்று தம்பிகள் கேட்டார்கள். இருக்கிறது. ஆனால் கெட்டியான செங்கல் வீட்டின் நுண்ணதிர்வு, கைபேசிக் கருவியின் உள்ளிரைச்சலுக்குக் கீழே போய்விடும். பெரிய ஆட்டத்தைப் பதியலாம், இந்த வேலைக்கு ஆகாது.

மூன்றாவது, சுவரையே சோதிப்பது. இதில் இரண்டு வகை. தட்டை ஜாக் என்பது ஒன்று. செங்கல் வரிசைகளுக்கு இடையே உள்ள காரையைக் கீறி எடுத்து, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பிளவு உண்டாக்கி, மெல்லிய எஃகு உறைகளைச் செருகி, எண்ணெய் அழுத்தம் ஏற்றுவார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட செங்கல் பகுதி எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்தால், அந்தச் சுவரின் மீள்தன்மை எண், அதாவது அதன் செங்கல்லும் காரையும் எவ்வளவு விறைப்பு என்று சொல்லும் எண், நேரடியாகக் கையில் வரும். ஊகம் கிடையாது. என்னைக் கேட்டால், விறைப்பைப் பற்றி ஒரு சுவர் தானே வாய் திறந்து சொல்லும் வாக்குமூலம் இது.

ஆனால் அந்த வாக்குமூலத்துக்கு விலை இருக்கிறது. பூச்சை இரண்டு, மூன்று அடி அகலத்துக்கு உரிக்க வேண்டும். காரையைத் திரும்ப அடைத்துவிடலாம். அந்தப் பூச்சைத் திரும்ப அதே பளபளப்பில் கொண்டுவருவது கடினம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், இதே மாதிரி ஒரு பழைய வீட்டில், சோதனைக்கு வந்தவர்கள் பட்டாலைச் சுவரிலேயே உரித்துவிட்டார்கள். பின்னால் ஒட்டுப்போட்ட இடம் இன்றைக்கும் நோய் பிடித்த தோல் மாதிரி மங்கலாகத் தெரிகிறது. அதைப் பார்த்தபிறகு, பூச்சில்லாத பின்கட்டு, கிணற்றடிச் சுவர், மாட்டுக்கொட்டில் இவற்றில்தான் இந்தச் சோதனையைச் சம்மதிப்பேன். அங்கே கிடைக்கும் எண் முகப்புக்கும் பொருந்துமா என்றால், ஒரே காலத்தில் ஒரே சூளைச் செங்கல்லில் கட்டியிருந்தால் ஓரளவு பொருந்தும். முகப்பைப் பிற்பாடு சேர்த்திருந்தால் பொருந்தாது. தடித்த சுவரில் வெளியடுக்கின் கதையை மட்டுமே இது சொல்லும் என்பதும் மறக்கக்கூடாதது.

ஒலி வேகம் என்பது இன்னொரு வகை. சுவரின் ஒரு பக்கம் சிறு சுத்தியலால் தட்டி, மறுபக்கம் அந்த அதிர்வு எத்தனை நேரத்தில் வந்து சேருகிறது என்று அளப்பது. கெட்டியான சுவரில் வேகமாக வரும், விரிசலும் பொந்தும் இருந்தால் சுற்றிக்கொண்டு தாமதமாக வரும். இங்கேயும் வர்க்கக் கணக்குதான்: வேகம் ஐந்தில் நாலாகக் குறைந்தால் விறைப்பு 0.64 ஆகும். கான்கிரீட்டுக்குப் பயன்படும் மீயொலிக் கருவியைச் செங்கல் சுவருக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு காரை இணைப்பிலும் ஒலி தேய்ந்து, பாதி வழியிலேயே அடங்கிவிடும். சுத்தியல்தான் சரி, அதுவும் ரப்பர் முனை வைத்தது. பூச்சுக்குக் கேடு வராது. வளவுச் சுவர்களுக்கு, தனித்தனியாக ஆடும் அந்தச் சுவர்களுக்கு, எனக்கு இதுதான் மிகவும் பிடித்த முறை. எங்கே அடி என்ற கேள்விக்கு இடத்தைச் சுட்டிக் காட்டும்.

கணினி மாதிரி என்று நாலாவது ஒன்றும் இருக்கிறது. வீட்டை முப்பரிமாணத்தில் வரைந்து, நிலநடுக்கத்தைக் கணினியிலேயே கொடுத்துப் பார்ப்பது. சென்னைத் தரமணியில் உள்ள எஸ்.இ.ஆர்.சி. (கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம்) போன்ற ஆய்வு நிறுவனங்களில் இதில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாதிரிக்குள் போடும் மீள்தன்மை எண்ணை யாராவது அளந்து தர வேண்டும். அளக்காத வீட்டுக்கு மாதிரி செய்தால் படம் அழகாக வரும், நம்பிக்கை வராது. அளந்தபிறகு செய்தால் மிக நல்லது. இப்போதைக்குத் தள்ளிவைத்தேன்.

நிரந்தரமாகக் கருவியைப் பொருத்தி வைக்கலாமே என்று சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் வாட்ஸ்அப்பில் கேட்டார். பூட்டியே கிடக்கும் வீட்டில் மின்சாரம், இணையம், எலி, ஈரம் எல்லாவற்றோடும் யார் மல்லுக்கட்டுவது? விடுதி நடக்கத் தொடங்கி, ஆள் இருந்தால் பார்க்கலாம்.

இத்தனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தட்டை ஜாக்கைத் தவிர, எல்லா முறையும் "முன்பு எவ்வளவு?" என்றுதான் கேட்கிறது. 6.3 ஹெர்ட்ஸ் என்று தனியாக ஒரு எண் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 7-லிருந்து 6.3 என்றால்தான் அதற்கு நாக்கு முளைக்கும். தட்டை ஜாக்கும்கூட இன்றைய நிலையைத்தான் சொல்லும். குறைந்ததா என்று சொல்ல அதற்கும் பழைய எண் வேண்டும். நிலநடுக்கம் வந்தபிறகு எந்த முறை சிறந்தது என்று ஆராய்வதைவிட, வருவதற்கு முன்பே எதை அளந்து வைப்பது என்பதுதான் எங்கள் ஏழு பங்கும் எடுக்க வேண்டிய முடிவு. அப்படிப் பார்த்தால் கேடு செய்யாத, மறுபடி மறுபடி செய்யக்கூடிய முறைதான் முன்னால் வரும்.

அதனால் நான் எழுதிக் கொடுத்தது இது. முகப்புக் கட்டுக்கு அதிர்வு அளவீடு, இரண்டு தடவை: ஒன்று சித்திரையில் சுவர் காய்ந்திருக்கும்போது, ஒன்று ஐப்பசி கார்த்திகையில் ஊறியிருக்கும்போது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பருவத்தின் வேலை. பின்னால் எப்போதாவது அதற்கு வெளியே எண் விழுந்தால் மட்டும் சேதத்தைச் சந்தேகிக்க வேண்டும். வளவுக்கும் இரண்டாங்கட்டுக்கும் ஒலி வேகம், சுவருக்கு ஆறு இடம் வீதம். எல்லாச் சுவருக்கும் புகைப்படம், விரிசல்களுக்குத் தேதி போட்ட வரைபடம். பழைய விரிசல் நாலின் குறுக்கே கண்ணாடிச் சில்லு வைத்துச் சுண்ணாம்பால் ஒட்டுவது. சுவர் நகர்ந்தால் சில்லு உடையும். இதைக் கொத்தனாரே செய்துவிடுவார், செலவென்று சொல்ல ஒன்றும் இல்லை. தட்டை ஜாக் ஒரே ஒரு இடத்தில், பின்கட்டு வெளிச்சுவரில்.

ஒரு நிபந்தனையும் போட்டேன். விடுதிக்காரர் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி வைக்கும் முன் முதல் அளவை எடுத்துவிட வேண்டும். 5,000 லிட்டர் தொட்டி என்றால் 5 டன் கனம். கனம் ஏறினாலும் அதிர்வெண் இறங்கும், விறைப்பு குறைந்தது போலவே தோன்றும். தொட்டி வைத்தபிறகு இன்னொரு அளவு எடுத்துத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும். குளியலறைக்காக ஒரு சுவரை எடுத்தாலும் அப்படியே. சொல்லப்போனால், எங்கள் வீட்டின் விறைப்புக்கு நிலநடுக்கத்தைவிட அந்தச் சுவர் எடுக்கும் யோசனையைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். இதையும் ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன்.

நடுக்கம் என்று ஒன்று வந்துவிட்டால் வரிசை இப்படி: முதலில் கண், அன்றைக்கே. ஆட்கள் உள்ளே போகலாம் என்று ஆனபிறகு அதிர்வு அளவீடு, அதே இடங்களில். ஒரு மாதம் கழித்து மறுபடியும், ஏனென்றால் முதலில் இறங்கிய எண் கொஞ்சம் மீளும். மீண்டபின் நிற்கும் எண்ணை வைத்துத்தான் பழுதுபார்ப்பை முடிவு செய்ய வேண்டும். பருவ வித்தியாசத்துக்கு மேல் இறங்கியிருந்தால் ஒலி வேகம் எல்லாச் சுவருக்கும். கணினி மாதிரி அதற்கப்புறம்.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பெரிய ஆச்சி மட்டும் கடைசிவரை பேசாமல் இருந்துவிட்டு, "ஏப்பா, அந்தக் கருவிய மாட்ட சுவத்துல ஆணி அடிப்பீகளா?" என்றார்.

இல்லை ஆச்சி, தரையில் வைத்தால் போதும் என்றேன். ஆனால் பத்து வருஷம் கழித்து வருகிறவனும் அதே புள்ளியில் வைக்க வேண்டுமே, பெயின்ட் அடித்துக் குறி போடலாமா என்று தயங்கினேன். அவர் எழுந்துபோய் மேல்மாடிக் கூடத்தைக் காட்டினார். முழுக்க ஆத்தங்குடிக் கல். "கல்ல எண்ணி எழுதிக்கயேன்."

நோட்டில் முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: கருவி 1, கிழக்கு வாசலிலிருந்து 14-ஆவது கல், தென்சுவரிலிருந்து 2-ஆவது கல்.